பாய்மரப் படகில் குடியிருந்தபடி புதுப் புத்தகத்தை வாசகரிடம் சேர்க்க: நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

நினைவுக்குறிப்பு எழுதுகிற காலத்தில் படகு வாழ்க்கையைப் போல வசதி வேறில்லை. ஒதுக்குப்புறமான ஒரு குடாவில் நங்கூரத்தைப் போட்டுவிட்டால் கதவைத் தட்ட ஆளில்லை. புத்தகம் அச்சாகி வெளிவந்த பிறகுதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. எந்த ஊரில், எந்தத் தேதியில் இருப்பீர்கள் என்று பதிப்பாளர் கேட்கிறார். சொந்தமாகப் பதிப்பித்தவரிடம் அதையே நூலகமும், வாசகர் வட்டமும், பாட்காஸ்ட் நடத்துபவரும் கேட்கிறார்கள். "காற்றைப் பொறுத்து" என்று பதில் சொன்னால் அடுத்த மின்னஞ்சல் வராது.

இந்த நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளுக்கு நடுவேதான் தடுமாறுகிறார்கள். நங்கூரத்தில் இருந்தபடியே எல்லாவற்றையும் இணையத்தில் முடிப்பது. மரினாவில் (கட்டணப் படகுத்துறையில்) படகைச் சில மாதம் கட்டிவைத்து அதைத் தளமாக வைத்துக்கொள்வது. படகைக் கரையேற்றிவிட்டு நிலவழியே ஊர் ஊராகப் போவது. படகிலேயே துறைமுகம் துறைமுகமாகப் போய் விற்பது.

பலர் இதை இணைய வேகத்தின் பிரச்சினையாகப் பார்க்கிறார்கள். செயற்கைக்கோள் இணையம் வந்த பிறகு வேகம் ஓரளவு தீர்ந்துபோன விஷயம். தீராமல் நிற்பது தேதி. படகில் இருக்கும் சாமான்களிலேயே ஆபத்தானது நாட்காட்டிதான் என்று கடலோடிகள் சொல்வதுண்டு. மோசமான வானிலையில் நங்கூரம் தூக்குகிறவர்களில் பலருக்குப் பின்னால் ஒரு விமானச் சீட்டோ, கொடுத்த வாக்கோ இருக்கும். புத்தக விளம்பரம் என்பதோ தேதிகளாலேயே ஆன வேலை. எனவே எந்த வழியை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது, அது எத்தனை தேதிகளை உங்கள் தலையில் கட்டுகிறது என்பதைத்தான்.

## எதை வைத்து எடை போடுவது

தேதி. விளம்பர வேலைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேடைப் பேச்சு, கடையில் கையெழுத்திடும் நிகழ்ச்சி, நேரலைப் பேட்டி ஆகியவை தேதி உள்ளவை. செய்திமடல், முன்பதிவு செய்யும் பாட்காஸ்ட், கட்டுரை, வாசகர் கடிதத்துக்குப் பதில் ஆகியவை தேதி இல்லாதவை, அல்லது ஒரு வாரம் முன்பின் ஆனாலும் யாரும் கோபித்துக்கொள்ளாதவை. பெரிய நூல் மதிப்புரை இதழ்கள் வெளியீட்டுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே பிரதி கேட்பவை. புத்தகம் வெளிவந்துவிட்டது என்றால் அந்தக் கதவு மூடியாயிற்று, அதை எண்ணி அவசரப்பட வேண்டியதில்லை. இனி மிஞ்சியிருப்பது நிதானமாக, மாதக்கணக்கில் நடக்கும் வேலை. படகுக்காரருக்கு இது நல்ல செய்தி.

மின்சாரமும் இணைப்பும். ஸ்டார்லிங்க் மினி என்ற சிறிய செயற்கைக்கோள் இணைய ஆன்டெனா ஏறக்குறைய 25 முதல் 40 வாட் எடுக்கும். 30 வாட் என்று வைத்து எட்டு மணி நேரம் ஓட்டினால் 12 வோல்ட் மின்கலத்தில் 20 ஆம்பியர்-மணி. சாதாரண அளவு ஆன்டெனா 75 முதல் 100 வாட். அதை 90 வாட்டில் நாள் முழுக்க ஓட விட்டால் 180 ஆம்பியர்-மணி. உங்களிடம் 400 ஆம்பியர்-மணி ஈய அமில மின்கலம் இருந்தால் அதில் பாதியைத்தான் பாதுகாப்பாக எடுக்கலாம். அந்த 200-இல் 180 ஆன்டெனாவுக்கே போய்விட்டால் குளிர்பெட்டிக்கும் விளக்குக்கும் என்ன மிச்சம்? மேகமூட்டமான மூன்று நாள் சேர்ந்து வந்தால் ஜெனரேட்டரைப் போட்டுத்தான் பேட்டி கொடுக்க வேண்டும். ஜெனரேட்டர் ஓடும் சத்தத்திலோ பேட்டி கொடுக்க முடியாது.

அச்சுப் பிரதி. ஈரம் காகிதத்துக்கு எமன். அட்டை மெல்லச் சுருண்டுகொள்ளும், பக்கங்கள் அலையலையாக நெளியும், விளிம்பில் பழுப்புப் புள்ளி விழும். விற்கிற நிலையில் பிரதிகளை வைத்திருக்க வேண்டுமானால் காற்றை உறிஞ்சி ஒட்டும் பைகளில், ஐந்தைந்தாக, நீர்மட்டத்துக்கு மேலே உள்ள அலமாரியில் வைக்க வேண்டும். படகின் உடற்சுவரை ஒட்டி வைத்தால் வியர்வை போலப் படியும் ஈரம் பைக்குள்ளும் வழி கண்டுபிடிக்கும்.

கணக்கில் வராத செலவு. மரினா வாடகையும் விமானச் சீட்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாதவற்றை ஒவ்வொரு வழியின் கீழும் சொல்கிறேன்.

குடியேற்றம், சுங்கம். சுற்றுலா விசாவில் வந்து கட்டணப் பேச்சு கொடுப்பதும் புத்தகம் விற்பதும் பல நாடுகளில் வேலை என்றே கொள்ளப்படும். பெட்டி பெட்டியாகப் பிரதிகள் இருந்தால் அவை சொந்த உபயோகப் பொருள் ஆகாது, வணிகச் சரக்கு. பயணத்தில் இருக்கும் படகு என்று எழுதி வரும் பார்சலுக்குப் பல நாடுகளில் தீர்வை விலக்கு உண்டு. அது படகின் உதிரிபாகத்துக்கானது, விற்கப்போகும் புத்தகத்துக்குப் பொருந்தாது.

இருப்பிடம் வெளியே தெரிவது. இதை யாருமே பட்டியலில் சேர்ப்பதில்லை. நினைவுக்குறிப்பில் படகின் பெயர் அச்சாகியிருக்கும். படகின் பெயரையும் இடத்தையும் ரேடியோவில் அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி ஓடிக்கொண்டிருந்தால், அந்தப் பெயரை மரைன்டிராஃபிக் போன்ற தளத்தில் தட்டிப் பார்க்கிற எவருக்கும் நீங்கள் எந்தக் குடாவில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். அன்பான வாசகர் டிங்கியில் (சிறு படகில்) வந்து நிற்பது ஒன்று. "அடுத்த வாரம் மூன்று ஊர்களில் பேசுகிறேன்" என்று நீங்களே அறிவித்த பிறகு ஆளில்லாத படகு எங்கே இருக்கிறது என்பதும் தெரிவது வேறொன்று. கடலில் போகும்போது மோதல் தவிர்க்க ஏஐஎஸ் ஓடியே ஆக வேண்டும். நங்கூரத்தில் இருக்கும்போது, உள்ளூர் விதி அனுமதித்தால், அனுப்பும் பகுதியை மட்டும் நிறுத்தி வைக்கலாம். படங்களையும் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிய பிறகே போடுங்கள்.

ஒரே பார்வையில் வேண்டுபவர்களுக்கு:

| | நங்கூரத்தில், இணையம் மட்டும் | மரினாவில் தளம் | கரையேற்றிவிட்டுப் பயணம் | துறைமுகம் துறைமுகமாக |
|---|---|---|---|---|
| தேதி கொடுக்க முடியுமா | ஒரு வாரம் முன்பின் | உறுதியாக | உறுதியாக | வந்து சேர்ந்த பிறகே |
| மின்சாரம் | சொந்தச் சூரியத் தகடு | கரை மின்சாரம் | கவலை இல்லை | சொந்தச் சூரியத் தகடு |
| அச்சுப் பிரதி | ஏறக்குறைய இல்லை | கொஞ்சம் | வேண்டிய அளவு | ஈரத்தோடு போராட்டம் |
| ஒளிந்திருக்கும் செலவு | இணையக் கட்டணம், தனிமை | குடியிருப்புக் கூடுதல் கட்டணம் | படகைத் தூக்க, இறக்க, பாதுகாக்க | சுங்கம், காத்திருப்பு |
| வாசகர் எந்த வகை | எவரும் | அந்த ஊர்க்காரர் | எவரும் | பெரும்பாலும் கடலோடிகள் |

## 1. நங்கூரத்திலிருந்து, இணையம் மட்டும்

சொந்தமாகப் பதிப்பித்தவர்களுக்கு இதுவே இயல்பான தொடக்கம். கேட்கும்போது அச்சிடும் முறையில் புத்தகம் இருந்தால் வாசகர் தம் நாட்டில் ஆர்டர் கொடுப்பார், அங்கேயே அச்சாகிப் போய்ச் சேரும். நீங்கள் ஒரு பிரதியையும் தொட வேண்டாம். கையெழுத்து கேட்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: ஒட்டும் காகிதத்தில் சிறு சீட்டுகள் அச்சடித்து, ஒரு மாலையில் உட்கார்ந்து நூறில் கையெழுத்துப் போட்டு, கரையில் இருக்கும் நம்பகமான ஒருவருக்கு ஒரே உறையில் அனுப்பிவிடுவது. வாசகர் கேட்கக் கேட்க அவர் தபாலில் போடுவார், வாசகர் தம் பிரதியின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்வார்.

பாட்காஸ்ட் தான் இந்த வழியின் முதுகெலும்பு. நினைவுக்குறிப்புக்கு அதைவிடப் பொருத்தமான ஊடகம் இல்லை. சொந்தக் கதையைச் சொந்தக் குரலில் முக்கால் மணி நேரம் சொல்ல விடுகிறார்கள். ஆனால் படகு சத்தமான வீடு. காற்று 15 நாட் (மணிக்கு 15 கடல்மைல்) வேகத்தைத் தாண்டினால் பாய் ஏற்றும் ஆஞ்சான் கயிறு அலுமினியப் பாய்மரத்தில் டிங் டிங் என்று அடிக்கத் தொடங்கும். உள்ளே இருப்பவருக்குப் பழகிப்போன அந்த ஒலி ஒலிவாங்கிக்கு மணியோசை. பதிவுக்கு முன் கயிற்றை இழுத்து பக்கவாட்டுக் கம்பியோடு சேர்த்துக் கட்டுங்கள். குளிர்பெட்டியை நிறுத்துங்கள் (மறக்காமல் திரும்பப் போட, சாவிக்கொத்தையோ செருப்பையோ அதற்குள் வைத்துவிடுவது சிலர் வழக்கம்). காற்றாலைக்குப் பிரேக் போடுங்கள். அணியத்தில் (படகின் முன்முனையில்) இருக்கும் முக்கோணப் படுக்கையறைதான் படகின் சிறந்த ஒலிப்பதிவு அறை, ஏனென்றால் மெத்தையும் தலையணையும் எதிரொலியை விழுங்கிவிடும். சட்டையில் குத்தும் ஒலிவாங்கி போதும். படகு ஆடும்போது மேசை ஒலிவாங்கி உங்கள் வாயிலிருந்து விலகி விலகி வரும்.

ஒலிநூல் பதிவை இங்கே முயலாதீர்கள். ஆடிபிளுக்கு நூல்களை ஏற்கும் ஏசிஎக்ஸ் தளம் பின்னணிச் சத்தம் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. 80,000 சொல் உள்ள புத்தகம் எட்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும். அத்தனை நேரம் கடல் சும்மா இருக்காது.

ஒளிந்திருக்கும் செலவுகள் இந்த வழியில் பெரும்பாலும் நிர்வாக வேலை சார்ந்தவை. முதலாவது ஓடிபி. வங்கியும் விற்பனைத் தளமும் அனுப்பும் ஆறு இலக்கம், உங்கள் அலமாரியில் எங்கோ கிடக்கும் பழைய நாட்டு சிம்முக்குப் போகும். தளம் ஒன்று சந்தேகப்பட்டுக் கணக்கைப் பூட்டிவிட்டால் வெளியீட்டு மாதமே வீணாகும். கிளம்புவதற்கு முன்பே அங்கீகாரச் செயலிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். இரண்டாவது முகவரி. அமெரிக்க வாசகர்களுக்குச் செய்திமடல் அனுப்பினால் 2003-ஆம் ஆண்டின் கேன்-ஸ்பாம் சட்டப்படி ஒவ்வொரு விளம்பர மடலிலும் செல்லத்தக்க அஞ்சல் முகவரி இருக்க வேண்டும். நங்கூரமிட்ட இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை அதற்கு உதவாது. தபால்பெட்டியோ கடிதம் திருப்பி அனுப்பும் சேவையோ வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். மூன்றாவது அமேசானின் மின்னூல் திட்டமான கிண்டில் செலக்ட். மின்னூலை அதில் சேர்த்தால் 90 நாள் வேறெங்கும் விற்கக் கூடாது. பதிலுக்கு அந்த 90 நாளில் ஐந்து நாள் இலவசமாகக் கொடுத்து வாசகரை இழுக்கலாம். தேதியை முன்கூட்டியே குறித்து வைக்க முடிவதால் படகுக்காரருக்கு வசதிதான். ஆனால் தானியங்கிப் புதுப்பிப்புக்கான குறியை நீக்காவிட்டால் அடுத்த 90 நாளுக்குத் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், அப்போது நீங்கள் நடுக்கடலில் இருக்கலாம்.

நடுக்கடல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனுக்கு ஏறக்குறைய 2,700 கடல்மைல், சாதாரணக் குடும்பப் படகுக்கு இரண்டரை மூன்று வாரம். கரையை விட்டு வெகுதூரம் போனால் செயற்கைக்கோள் இணையத்துக்கும் தனித் திட்டம், தனிக் கட்டணம். அந்த வாரங்களில் விளம்பரத்தை நிறுத்திவிடுவதே நல்லது. 1969-இல் பிரெஞ்சுக் கடலோடி பெர்னார் முவாத்தெசியே உலகைச் சுற்றும் போட்டியிலிருந்து விலகும் செய்தியைக் கேப் டவுன் அருகே ஒரு கப்பலின் தளத்துக்கு உண்டிவில்லால் எறிந்து தெரிவித்தார். அதற்குப் பிறகும் உலகம் அவரை மறக்கவில்லை. மூன்று வார மௌனத்தால் புத்தகம் செத்துவிடாது. முன்கூட்டியே செய்திமடலில் சொல்லிவிட்டுப் போங்கள்.

யாருக்குப் பொருந்தும்: சொந்தப் பதிப்பாளர்கள், ஏற்கெனவே ஓரளவு வாசகர் முகவரிகள் கையில் இருப்பவர்கள், புத்தகம் ஓராண்டுக் காலத்தில் மெல்ல விற்றால் போதும் என்று நினைப்பவர்கள். பெரிய பதிப்பகத்தோடு ஒப்பந்தம் செய்து, முதல் மாத விற்பனையை அவர்கள் கூர்ந்து பார்க்கிறார்கள் என்றால் இது மட்டும் போதாது.

## 2. மரினாவில் சில மாதம்

மரினாவுக்குப் போனால் இணையம் நன்றாக இருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. மரினா வைஃபை மாலை ஆறு மணிக்கு மேல், எல்லோரும் படம் பார்க்க உட்காரும்போது, படுத்துவிடும். உங்கள் சொந்த ஆன்டெனாவோ உள்ளூர் சிம்மோதான் அங்கேயும் துணை. சத்தமும் அப்படியே: குடாவில் ஒரு பாய்மரம் அடிக்கும், மரினாவில் ஐம்பது அடிக்கும். மற்றவர் கயிற்றை நீங்கள் போய்க் கட்ட முடியாது.

மரினா தருவது வேறு மூன்று. கரை மின்சாரம், பார்சல் வாங்கிக்கொள்ள ஓர் அலுவலகம், எல்லாவற்றுக்கும் மேலாக "செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி" என்று தயங்காமல் சொல்லும் உரிமை. நகரத்துக்கு நடந்துபோகும் தொலைவில் இருக்கிற மரினா என்றால் அங்கே ஒரு நூலகம், ஒரு வாசகர் வட்டம், ஒரு புத்தகக் கடை இருக்கும். மூன்று மாதம் ஒரே ஊரில் முகம் காட்டினால் கடைக்காரர் உங்களை உள்ளூர் எழுத்தாளர் அலமாரியில் வைப்பார்.

செலவு நீளத்துக்கு ஏற்ப. இரட்டை உடல் படகு என்றால் பல இடங்களில் ஒன்றரை மடங்கு. படகிலேயே தூங்குகிறவர்களுக்குத் தனியாகக் குடியிருப்புக் கட்டணம், மின்சாரத்துக்கு மீட்டர். ஒரே இடத்தில் நிற்பதால் அடிப்பகுதியில் சிப்பியும் பாசியும் ஏறும், கிளம்பும்போது முக்குளிப்பவரை வைத்துச் சுரண்ட வேண்டும். இன்னொரு கணக்கும் உண்டு: ஐரோப்பிய ஒன்றியத்தில் வெளிநாட்டுப் படகு 18 மாதம் வரி கட்டாமல் இருக்கலாம், ஆனால் அதில் வாழும் வெளிநாட்டவர் ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியில் (எல்லைச் சோதனை இல்லாத நாடுகளின் கூட்டு) எந்த 180 நாளிலும் 90 நாள்தான் இருக்கலாம். விளம்பரத் திட்டத்தை ஆறு மாதத்துக்குப் போட்டுவிட்டுப் பாதியில் படகை விட்டுக் கிளம்ப நேர்கிறது.

மத்தியதரைக் கடலில் குளிர்காலம் நெருங்கும்போது புத்தகம் வெளியாகிறது என்றால் இந்த வழிக்கு என் ஓட்டு. எப்படியும் பெரும்பாலானோர் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏதாவது ஒரு மரினாவில் ஒதுங்குகிறார்கள், நீண்டகால ஒப்பந்தத்துக்கு விலையும் குறைவு. எப்படியும் செய்யப்போகும் செலவின் மீது விளம்பரத்தை ஏற்றிவிடலாம்.

## 3. படகைக் கரையேற்றிவிட்டு

பெரிய முடிவு போலத் தோன்றினாலும், பருவத்தோடு பொருத்திப் பார்த்தால் நான்கில் இதுவே பலருக்கு மலிவாக முடிகிறது. அட்லாண்டிக்கில் அதிகாரபூர்வப் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அந்த மாதங்களில் படகு குறிப்பிட்ட அட்சரேகைக்கு வெளியே இருக்க வேண்டும், அல்லது அனுமதித்த படகுப் பணிமுற்றத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று பல காப்பீடுகள் நிபந்தனை வைக்கின்றன. தென் பசிபிக்கில் அதே கதை நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஆக, ஆண்டில் ஆறு மாதம் படகு எங்கும் போகப்போவதில்லை. வெளியீட்டை அந்த ஆறு மாதத்துக்குள் வைத்தால் தேதிச் சண்டையே எழுவதில்லை: படகுக்குத் தேதி தேவையில்லாத காலம், புத்தகத்துக்குத் தேதி தேவைப்படும் காலம்.

நிலத்தில் இருக்கும்போது ஒலிநூலைப் பதிவு செய்துவிடுங்கள். துணி நிறைந்த அலமாரியின் முன் உட்கார்ந்தாலே போதும். பேச்சு நிகழ்ச்சிக்குப் போகும்போது பிரதிகளைச் சுமக்க வேண்டாம், நடத்துகிற கடையே வாங்கி வைக்கட்டும். அதற்குப் புத்தகம் மொத்த விநியோகத்தில் இருக்க வேண்டும், இங்கே ஒரு பொறி உண்டு. அச்சிட்டு விநியோகிக்கும் இன்கிராம் ஸ்பார்க் நிறுவனம் வழியாகப் போகும் புத்தகத்துக்குக் கடைகள் எதிர்பார்ப்பது 55 சதவீதம் வரை கழிவும், விற்காததைத் திருப்பும் உரிமையும். பத்து ஊரில் இருபது இருபதாக வாங்கி வைத்து, ஒவ்வொன்றிலும் பதினைந்து திரும்பினால் திரும்பிய பிரதிகளின் மொத்த வியாபார விலை உங்கள் கணக்கில் கழியும், அதுவும் மாதங்கள் கழித்து, நீங்கள் மறந்துபோய்ப் படகில் இருக்கும்போது. கடைக்காரரிடம் எட்டுப் பிரதி போதும் என்று நீங்களே சொல்வது கௌரவக் குறைச்சல் இல்லை.

படகின் பக்கத்துச் செலவுகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள்: தூக்குவது, அடியைக் கழுவுவது, முட்டுக் கொடுப்பது, புயலுக்கு இழுத்துக் கட்டுவது, மாத வாடகை, மறுபடி இறக்குவது. பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஈரமுறிஞ்சியும் அதை வாரம் ஒருமுறை பார்க்க ஓர் ஆளும். சில வகை அடிப்பூச்சுகள் நீருக்கு வெளியே நெடுநாள் கிடந்தால் வலுவிழந்துவிடும், மறுபடி பூச வேண்டும். உங்களுக்கும் எங்காவது தங்க இடம் வேண்டும். சொந்த வீடு இல்லாதவர் ஊர் ஊராக உறவினர் வீட்டுச் சோபாவில் படுத்து எழுவது முதல் மாதம் இனிக்கும்.

நினைவுக்குறிப்புக்கே உரிய இன்னொரு செலவும் இதில்தான் அதிகம் தெரிகிறது. நாவலாசிரியர் கதாபாத்திரத்தைப் பற்றிப் பேசுவார். நீங்கள் உங்கள் தாயின் மரணத்தையோ, முறிந்த மணவாழ்வையோ இரவுக்கு இரவு அந்நியர் முன் திரும்பச் சொல்ல வேண்டும். கேள்வி நேரத்தில் வருகிறவரும் தம் துயரத்தை உங்கள் மடியில் வைப்பார். படகில் பழகிய தனிமைக்கு இது திடீர்ப் பெருங்கூட்டம். வாரத்துக்கு இரண்டு நிகழ்ச்சிக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பேன்.

யாருக்குப் பொருந்தும்: பதிப்பகம் பயணச் செலவில் ஒரு பங்கு ஏற்கிறது என்றால், புத்தகத்தின் வாசகர்கள் நிலத்தில் இருக்கிறார்கள் என்றால், எப்படியும் புயல் பருவத்தில் படகை நிறுத்தப்போகிறீர்கள் என்றால். வெளியீடு நல்ல காற்று வீசும் பருவத்தின் நடுவே விழுந்தால், அந்தப் பருவத்தையே பலி கொடுக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

## 4. துறைமுகம் துறைமுகமாக

கேட்பதற்கு இதுதான் அழகு. இதற்கு முன்னோடியும் உண்டு. தனியாளாக முதன்முதலில் உலகைப் படகில் சுற்றிய ஜோஷுவா ஸ்லோகம், 1895 முதல் 1898 வரையிலான அந்தப் பயணத்திலேயே துறைமுகங்களில் கட்டணச் சொற்பொழிவு நடத்திச் செலவைச் சமாளித்தார். 1901-இல் தம் 'ஸ்ப்ரே' படகையே கால்வாய் வழியாகப் பஃபலோ கண்காட்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். பார்க்க வந்தவர்களுக்குப் படகே விளம்பரம்.

அவர் காலத்தில் தனியாகச் சுற்றியவர் அவர் ஒருவர்தான். இன்று நீங்கள் போய்ச் சேரும் குடாவில் அதேபோல நாற்பது படகு நிற்கும், அதில் பல படகுகளில் ஒரு கையெழுத்துப் பிரதி பாதியில் கிடக்கும். கடலோடிகள் ஆசையாகப் படிப்பார்கள், ஆனால் வாங்க மாட்டார்கள். மரினாக்களின் புத்தகப் பரிமாற்ற அலமாரியிலிருந்து எடுத்து, படித்து, அடுத்த துறைமுகத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு பிரதிக்கு ஐந்தாறு வாசகர், ஒரே ஒரு விற்பனை. வாய்வழிப் பேச்சு பரவும் என்பதால் இதை நட்டம் என்று முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது. பின்னட்டையின் உட்புறம் ஒரு கியூஆர் குறியீடும் "மதிப்புரை எழுதுங்கள்" என்ற ஒரு வரியும் இருந்தால் அந்த அலமாரிப் பிரதியும் உங்களுக்கு வேலை செய்யும்.

அதைவிடப் பெரிய கேள்வி, உங்கள் புத்தகம் கடலைப் பற்றியதுதானா? படகில் வாழ்கிறவர் எழுதியது என்பதால் அது கடல் நூல் ஆகிவிடாது. நோயைப் பற்றியோ, புலம்பெயர்வைப் பற்றியோ, பிள்ளையை வளர்த்ததைப் பற்றியோ எழுதியிருந்தால் படகுக் கிளப்பின் மாலை நிகழ்ச்சிக்கு வருகிறவர்கள் பாய் எத்தனை சதுர மீட்டர் என்றுதான் கேட்பார்கள்.

இந்த வழியில்தான் தேதி உங்களை நேரடியாக ஆபத்தில் தள்ளும். 120 கடல்மைல் தள்ளி வெள்ளிக்கிழமை மாலை பேச ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். புதன்கிழமை முன்னறிவிப்பில் எதிர்க்காற்று 30 நாட். அமைப்பாளர் நாற்காலி போட்டுவிட்டார். இதற்கு ஒரே விதிதான் வேலை செய்கிறது: நங்கூரம் தரையில் பிடித்த பிறகே நிகழ்ச்சியை அறிவிப்பது. மூன்று நாள் அவகாசத்தில் படகுகள் காலையில் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோ வலையில் ஓர் அறிவிப்பு, கிளப் பலகையில் ஒரு சீட்டு, இருபது பேர் வருவார்கள். புத்தகக் கடைகளும் நூலகங்களும் மூன்று நாளில் எதுவும் செய்யாது. ஆகவே அவை இந்த வழியில் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விசா, சுங்கக் கேள்விகளும் ஒவ்வொரு நாட்டிலும் புதிதாகத் தொடங்கும்.

கடல் பயண நினைவுக்குறிப்பு, எப்படியும் போகப்போகும் பாதை, விற்பனையை நம்பி வாழாத நிலை ஆகிய மூன்றும் சேர்ந்தால் மட்டும் இதை எடுங்கள். அப்படிப்பட்டவருக்கு இதில் கிடைக்கும் மகிழ்ச்சி மற்ற மூன்றிலும் இல்லை.

## கரையில் ஓர் ஆள்

நான்கில் எதை எடுத்தாலும் கரையில் ஒருவர் இருந்தால் பாதிச் சுமை குறையும். தொழில்முறை விளம்பரப் பொறுப்பாளர் என்றால், அவரும் தேதிகளைத்தான் கொண்டுவருவார் என்பதை மறக்காதீர்கள். எந்த வாரங்களில் நீங்கள் கிடைக்க மாட்டீர்கள் என்ற பட்டியலை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தங்கையோ நண்பரோ என்றால் முப்பது பிரதி, கையெழுத்துச் சீட்டுகள், செய்திமடல் கணக்கின் வரம்புக்குட்பட்ட அனுமதி போதும். வங்கிக் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள்.

## கலந்து செய்வதென்றால்

பெரும்பாலானோருக்கு நான் சொல்வது மூன்றாவதும் முதலாவதும் சேர்ந்த கலவை: படகு கரையேறியிருக்கும் பருவத்தில் ஆறு வாரம் தேதி உள்ள வேலைகள் அனைத்தும், ஒலிநூலும், இறக்கிய பிறகு தேதி இல்லாத வேலைகள் மட்டும். பதிப்பாளரிடம் வெளியீட்டுத் தேதி பேசும்போதே பணிமுற்றத்துக்கும் எழுதிவிடுங்கள். புயல் பருவத்துக்கான இடங்கள் மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும், வெளியீட்டுத் தேதியை மாற்றுவதைவிட அங்கே இடம் கிடைப்பது கடினம்.